ஹோல்ஸ்டரில் சிக்கிய ஜாக்கெட் கயிறு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலிருந்து வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், கிரீன் கார்டு வைத்திருக்கிறார். புறநகர் ஒன்றில் கூட்டாளியுடன் சேர்ந்து கேஸ் ஸ்டேஷனும் (நம் ஊர் பெட்ரோல் பங்க்) அதையொட்டிய கடையும் நடத்துகிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பக்கத்துக் கடையில் ஒரு கொள்ளை நடந்ததிலிருந்து இரவு பதினொரு மணிக்குக் கடையைச் சாத்தித் தனியே வீடு திரும்புவது அவருக்குப் பயமாகிவிட்டது. போன ஆகஸ்டில் பயிற்சி வகுப்புக்குப் போய், ஷெரிஃப் அலுவலகத்தில் துப்பாக்கியைக் கூடவே கொண்டுபோகும் பெர்மிட் வாங்கி, 9 எம்எம் கிளாக் கைத்துப்பாக்கி ஒன்றை இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ளத் தொடங்கினார். அரைக்கைச் சட்டைக் காலம் வரை சிக்கல் இல்லை. டிசம்பரில் முழங்கால் வரை தொங்கும் பார்க்கா என்ற பனிக்கோட்டும் தடித்த கையுறையும் வந்து சேர்ந்தன. காரில் உட்கார்ந்தால் துப்பாக்கி வயிற்றைக் குத்துகிறது என்று உருவிக் கதவுப் பையில் வைப்பார். இறங்கும்போது மறுபடி ஹோல்ஸ்டரில், அதாவது இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறையில், செருகுவார். ஒரு நாள் இரவு, கையுறையோடு செருகும்போது ஏதோ தட்டுப்பட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார், போகவில்லை. சந்தேகம் வந்து உள்விளக்கைப் போட்டுப் பார்த்தால், ஜாக்கெட்டின் இடுப்புக் கயிறும் அதன் நுனியிலிருந்த பிளாஸ்டிக் குமிழும் ட்ரிகர் வளையத்துக்குள் போயிருந்தன. "அன்று ராத்திரி தூங்கவில்லை மேடம். மனைவியிடமும் சொல்லவில்லை" என்று எழுதுகிறார்.

அவர் கேட்பவை இவை. கையுறையோடு துப்பாக்கியைக் கையாளச் சரியான வழி உண்டா? வலக் கையுறையின் ஆள்காட்டி விரலை வெட்டிவிட்டால் போதுமா? பார்க்கா பையில் போட்டு, கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு நடக்கலாமா? சந்தேகப்படும்படி ஒருவன் நெருங்கினால் கோட்டை விலக்கித் துப்பாக்கியைக் 'காட்ட மட்டும்' செய்யலாமா, சுடவில்லை என்றால் குற்றமில்லைதானே? கடைசியாக, போகிற போக்கில் ஒரு வரி: எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கும் மச்சினன் வார இறுதிகளில் கடையில் உதவுகிறான். இருவரும் சேர்ந்து ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழகியிருக்கிறார்கள். "நான் இல்லாத நாளில் துப்பாக்கியைக் கடை லாக்கரில் வைத்துவிட்டு வருகிறேன். அவனுக்கும் நம்பர் தெரியும்."

அன்புள்ள நண்பருக்கு,

கயிறு விஷயத்தை ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வெடித்த பிறகுதான் வருவார்கள். வெடிப்பதற்கு முன்னால் எழுதியவர் நீங்கள். அந்த ராத்திரி குழல் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். வயிற்றுப் பக்கம் ஹோல்ஸ்டர் வைத்து, உட்கார்ந்தபடி செருகினால் அது உங்கள் தொடையைத்தான் பார்க்கும். தொடையில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரைகூடத் தாங்காது. பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் கொள்ளைக்காரன் மூன்று பக்கமும் இந்தக் கயிறு அரைப் பக்கமும் பிடித்திருக்கிறது. என் கணக்கில் அது தலைகீழாக இருக்க வேண்டும்.

கையுறை கேள்விக்கு வருகிறேன். நான் வழக்கறிஞர், துப்பாக்கிப் பயிற்சியாளர் அல்ல. ஆனால் இந்த மாநிலத்தில் இத்தகைய வழக்குகளைப் பார்க்க வேண்டியிருப்பதால் நானும் பெர்மிட் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். வகுப்பு நடத்திய நண்பரிடம் உங்கள் கேள்வியைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல், லேசர் ஒளி மட்டும் விடும் பயிற்சித் துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்து, "பனியில் போடுகிற கையுறையை மாட்டிக்கொண்டு வாங்க" என்றார். விரலை ட்ரிகர் வளையத்தின் விளிம்பில் வைக்கச் சொன்னார். வைத்தேன். எனக்கு விளிம்பைத் தொடுவதாகத்தான் தோன்றியது. எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்துவிட்டது. விரல் நுனிக்கு வெளியே இருந்த அரை அங்குலத் துணி எனக்கு முன்னால் ட்ரிகரைப் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டாம் தடவை வேண்டுமென்றே அழுத்திவிட்டு விரலைத் தளர்த்தினேன். ட்ரிகர் முழுதாக முன்னுக்குத் திரும்பவில்லை, துணி அடைத்துக்கொண்டு நின்றது. நிஜத் துப்பாக்கியாக இருந்தால் அடுத்த குண்டு போகாது. ஆக, தடித்த கையுறை இரண்டு விதத்திலும் காலை வாரும்: வேண்டாதபோது வெடிக்கும், வேண்டும்போது வெடிக்காது.

வகுப்பில் நான்கு விதிகளை மனப்பாடம் செய்திருப்பீர்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே நினை. அழிக்க விரும்பாத எதையும் குறிவைக்காதே. சுட முடிவெடுக்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கட்டும். இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். இவற்றில் மூன்றாவது விதி விரலின் உணர்ச்சியை நம்பி எழுதப்பட்டது. தடித்த கையுறைக்குள் விரல் எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியாது. உங்கள் கிளாக்கில் கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புக் கொண்டி கிடையாது. ட்ரிகர் நடுவில் இருக்கும் சிறு நாக்குதான் வெளியே தெரியும் பாதுகாப்பு. விரலோ கயிறோ துணி மடிப்போ, ட்ரிகரை முன்னாலிருந்து அழுத்தும் எதுவும் அந்த நாக்கையும் சேர்த்தே அழுத்திவிடும். சுமார் இரண்டரைக் கிலோ அழுத்தம் போதும். போகவில்லையே என்று நீங்கள் அன்று இன்னும் கொஞ்சம் அழுத்தியது எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

பட்டாளத்துக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை தெரியும். எம்-16 ரக ரைஃபிளில் ட்ரிகர் வளையத்தின் அடிப்பட்டையைக் கீழே மடக்கிவிடலாம், பனிக் கையுறை நுழையட்டும் என்று. சுவிட்சர்லாந்து ராணுவ ரைஃபிளில் வளையத்தையே பக்கவாட்டில் திருப்பிவிடலாம். ஆனால் அவை தோளில் தொங்குபவை, குழல் தரையையோ வானத்தையோ பார்க்கும். இடுப்புக்குள் செருகுகிற கைத்துப்பாக்கியில் அந்த வசதியும் கிடையாது, அந்த மன்னிப்பும் கிடையாது.

கையுறை பற்றி என் யோசனை

ட்ரிகரைத் தொடும் கையில் தடித்த கையுறை இருக்கும்வரை துப்பாக்கியைத் தொடாதீர்கள். எடுக்கவும் வேண்டாம், செருகவும் வேண்டாம், இடம் மாற்றவும் வேண்டாம். குளிருக்குத் தடித்ததும் வேண்டும் என்றால் வலக்கைக்கு இரண்டடுக்கு போடுங்கள். உள்ளே தோலோடு ஒட்டிய மெல்லிய கையுறை, மேலே ஒரே உருவலில் கழன்று வரும் தளர்ந்த மிட்டன் (நான்கு விரலும் ஒரே பையில் போகும் கையுறை). வலக்கை மிட்டனை ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். மணிக்கட்டுப் பட்டியை இறுக்காதீர்கள். மெல்லியது எவ்வளவு மெல்லியது என்று கேட்டால், மேசைமேல் ஒரு பத்து சென்ட் நாணயத்தைப் போட்டு எடுத்துப் பாருங்கள். நகத்தால் சுரண்டாமல், முதல் முயற்சியில் எடுக்க முடிந்தால் சரி. முடியாவிட்டால் அந்தக் கையுறை வண்டி ஓட்ட மட்டும். கடைக்காரர் 'ஷூட்டிங் கிளவ்' என்று அட்டை ஒட்டி விற்றதும் இந்தச் சோதனையில் தேறியாக வேண்டும்.

விரலை வெட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். வெட்டிய ஓரம் பிரிந்து நூல் தொங்கும், அதுவும் ஒரு கயிறுதான். தவிர, 2019 ஜனவரி 30 அன்று மினியாபொலிஸில் மைனஸ் 28 ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் மைனஸ் 33 டிகிரி. அந்தக் குளிரில் மூடாத விரல் கொஞ்ச நேரத்தில் மரத்துவிடும். மரத்த விரலுக்கும் தடித்த கையுறைக்கும் ட்ரிகரைப் பொறுத்தவரை வித்தியாசமே இல்லை.

பழக வேண்டும் என்றால் குண்டுகளை வேறு அறையில் வைத்துவிட்டு, குண்டுகளை அடுக்கும் மேகசினை எடுத்து, சுடும் குண்டு உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுப் பழகுங்கள். பார்க்காவைப் போட்டுக்கொண்டே பழகுங்கள். ஜிப்பைத் திறப்பது, கோட்டை இடக்கையால் ஒதுக்குவது, மிட்டனை உருவுவது என்ற மூன்றுக்கும் எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், கீழே சட்டம் பேசும்போது தேவைப்படும்.

துப்பாக்கியை அடிக்கடி எடுத்து வைப்பதே உங்கள் ஆபத்தின் வேர். உருவினால்தானே செருக வேண்டிவரும்? வீட்டில், வெளிச்சத்தில், கோட்டும் கையுறையும் போடுவதற்கு முன், ட்ரிகரை முழுக்க மூடும் கெட்டியான ஹோல்ஸ்டரோடு மாட்டுங்கள். பிறகு கோட்டைப் போடுங்கள். கழற்றும்போது ஹோல்ஸ்டரோடு சேர்த்தே கழற்றுங்கள், துப்பாக்கி அதிலிருந்து வெளியே வரவே வேண்டாம். காரில் வயிறு குத்தினால் இடுப்புப் பக்கவாட்டுக்கு மாற்றுங்கள், அல்லது காருக்கென்று ஒரு சிறு பூட்டுப்பெட்டி வாங்கி ஹோல்ஸ்டரோடு உள்ளே வையுங்கள். கதவுப் பையில் வேண்டாம். பார்க்காவின் இடுப்புக் கயிற்றை இன்றைக்கே கத்தரியுங்கள். அந்தக் கயிறு இல்லாமல் இந்த ஊரில் யாரும் குளிரில் செத்ததில்லை.

கோட்டுப் பையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெர்மிட் இருப்பவர் பையில் வைத்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. மினசோட்டாவில் மறைத்துத்தான் வைக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. ஆனால் சாவிக்கொத்து, கிழிந்த ரசீது, இன்னொரு கையுறை எல்லாம் கிடக்கும் பையில், ஹோல்ஸ்டர் இல்லாத கிளாக்மேல் மிட்டன் போட்ட கையை வைத்துக்கொண்டு பனியில் வழுக்கி விழுந்தீர்கள் என்றால்? விழுகிற மனிதனின் கை எதையாவது இறுகப் பிடிக்கத்தான் பார்க்கும். இன்னொன்றும் உண்டு. கோட்டை உணவகத்தில் ஆணியில் மாட்டுவீர்கள், நண்பர் வீட்டில் கட்டில்மேல் போடுவீர்கள். துப்பாக்கியும் கூடவே போகும். உங்களுக்கு ஆறு வயதுப் பிள்ளை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குழந்தை எடுக்கக்கூடிய இடம் என்று தெரிந்தும் குண்டு போட்ட துப்பாக்கியை அங்கே விடுவது இங்கே தனிக் குற்றம். பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோரும் அதில் குழந்தைகள்தான்.

பை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ரேஞ்சுக்குப் போட்டுக்கொண்டு போன ஜாக்கெட்டோடு ஊருக்கு விமானம் ஏறாதீர்கள். மறந்துபோன ஒற்றைத் தோட்டா பையின் மூலையில் கிடந்து இந்திய விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்கு, விசாரணை, அலைச்சல். தேர்தல் அறிவித்தாலே லைசன்ஸ் துப்பாக்கியையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் நாடு அது. "மறந்துட்டேன் சார்" என்பது அங்கே எடுபட வெகு நாளாகும்.

காட்டுவதும் குற்றமாகலாம்

கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்த வரிகளில் ஒன்று, "காட்டினால் போதும், ஓடிவிடுவான்" என்பது. வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஆகவே உங்களைக் குறை சொல்லவில்லை. மினசோட்டாச் சட்டத்தில் ஒருவரை அடித்தால்தான் 'அசால்ட்' (தாக்குதல் குற்றம்) என்றில்லை. உடனடியாக உடம்புக்குத் தீங்கு வரும் என்ற பயத்தை உண்டாக்கும் நோக்கத்தோடு செய்யும் செயலும் அதுவே. அதை ஆயுதத்தோடு செய்தால் இரண்டாம் நிலை அசால்ட், 7 ஆண்டுவரை சிறை. ஆயுதம் துப்பாக்கி என்றால் குறைந்தபட்சமே 3 ஆண்டு என்று சட்டப் புத்தகம் சொல்கிறது. நீதிபதி குறைக்கலாம், குறைத்தாக வேண்டும் என்றில்லை.

'தற்காப்புக்குத்தான் காட்டினேன்' என்ற வாதம் உண்டு. ஆனால் வீட்டுக்கு வெளியே அந்த வாதத்துக்கு இங்கே ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. நியாயமாக விலகிப் போக முடிந்தால் விலகிப் போயிருக்க வேண்டும். பல மாநிலங்கள் இதை எடுத்துவிட்டன, மினசோட்டா எடுக்கவில்லை. எடுக்காததோடு, 2024 ஜூலை 31 அன்று மாநில உச்ச நீதிமன்றம் பிளெவின்ஸ் வழக்கில் அதை இன்னும் இறுக்கியது. 2021-இல் மினியாபொலிஸ் ரயில் நடைமேடை ஒன்றில் வந்த தகராறு அது. எதிராளி ஒருவனிடம் கத்தி இருந்தது என்றும் அதனால்தான் தன் வெட்டரிவாளை எடுத்துக் காட்டியதாகவும் குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னார். யாருக்கும் காயம் இல்லை. ஆனாலும் நீதிமன்றம், பிறரை அச்சுறுத்தும்படி ஆயுதத்தைக் காட்டுவதற்கு முன்னாலேயே, முடிந்தால் விலகிப் போகும் கடமை உண்டு என்று தீர்ப்பளித்தது. தண்டனை நின்றது.

இப்போது அந்த விநாடிக் கணக்கை எடுங்கள். மிட்டனை உருவி, ஜிப்பைத் திறந்து, கோட்டை ஒதுக்கி, துப்பாக்கியைக் காட்ட உங்களுக்கு ஐந்தாறு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அரசு வழக்கறிஞர் கேட்கப்போகும் முதல் கேள்வி, "அந்த ஐந்தாறு விநாடியில் ஏன் கடைக்குள் திரும்பிக் கதவைச் சாத்தவில்லை?" என்பதுதான். கடைக் கதவு பத்தடியில் இருந்திருக்கும், கார் ஓடிக்கொண்டிருந்திருக்கும். பதில் சொல்ல என்னாலும் முடியாது. கையுறையைக் கழற்ற நேரம் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் நகர்ந்துவிடவும் நேரம் இருக்கிறது. நகரவே முடியாத அளவுக்கு அவன் மேலே வந்துவிட்டான் என்றால், தடித்த கையுறையோடு பார்க்காவுக்குள் தேடும் கை உங்களுக்கு உதவப் போவதும் இல்லை. அந்த நேரத்தில் இரண்டு கையும் வெளியே இருப்பதே மேல்.

பணத்துக்காக உயிரைப் பறிக்கும் அளவு பலத்தைப் பயன்படுத்தவும் சட்டம் விடாது. உயிருக்கோ பெரும் உடற்காயத்துக்கோ ஆபத்து என்று நியாயமாக நம்பும் நிலை வேண்டும். கல்லாப் பையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அதைவிட, ராத்திரிப் பையே இல்லாமல் செய்யுங்கள். வசூலைப் பகலில் வங்கியில் கட்டலாம். பணியாளர் யாராலும் திறக்க முடியாத, நேரம் வைத்த பெட்டகம் வாங்கி, "கடையில் 50 டாலருக்கு மேல் இல்லை" என்று கதவில் ஒட்டலாம். கூட்டாளியைச் சாத்தும் நேரத்துக்கு வரச் சொல்லலாம். காரை உள்ளிருந்தே ரிமோட்டில் கிளப்பிச் சூடாக்கி, கதவருகே நிறுத்தலாம். இதில் பாதியைக்கூட நீங்கள் முயன்றதாகக் கடிதத்தில் இல்லை. துப்பாக்கி வாங்கியதும் மற்ற யோசனைகள் நின்றுபோய்விடுகின்றன, இதை நான் பலரிடம் பார்க்கிறேன்.

கிரீன் கார்டுக்காரர் என்பதால் இன்னொரு கணக்கும் உண்டு. துப்பாக்கி வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மினசோட்டா பெர்மிட் குடிமக்களுக்கும் நிரந்தர வாசிகளுக்கும் உரியது. ஆனால் துப்பாக்கியைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்தது, கொண்டுபோனது, பயன்படுத்தியது என்று ஏதாவது ஒன்றில் தண்டனை பெற்றால், குடிவரவுச் சட்டத்தில் அது நாடு கடத்தக் காரணமாகிவிடும். குடிமகன் ஒருவர் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் சிறு குற்றம், உங்களை ஈரோட்டுக்கே அனுப்பலாம். விருந்தில் இரண்டு பெக் போட்டுவிட்டு இடுப்பில் துப்பாக்கியோடு வெளியே வருவதும் இதில் சேரலாம். வண்டி ஓட்ட ரத்தத்தில் மதுவின் வரம்பு 0.08 சதவீதம் என்றால், துப்பாக்கிக்கு 0.04. வழக்கு என்று ஏதாவது வந்தால், குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாதாடும் வழக்கறிஞர் இந்த விளைவைக் கட்சிக்காரருக்குச் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2010-இல் படில்லா வழக்கில் சொல்லியிருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

போலீஸ் நிறுத்தினால்

பெர்மிட் அட்டையும் அடையாள அட்டையும் எப்போதும் கூட இருக்க வேண்டும். துப்பாக்கி இருக்கிறதா என்று அதிகாரி கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். குளிர்காலத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு, மரியாதைக்காகவும் அட்டையை எடுக்கவும் அவசர அவசரமாகக் கையுறையைக் கழற்றி, கோட்டுக்குள் கையை விடுவது. கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்கு, பருத்த கோட்டுக்குள் ஒரு கை மறைகிறது என்பது மட்டும்தான் தெரியும். 2016 ஜூலை 6 அன்று இதே மாநிலத்தில், ஃபால்கன் ஹைட்ஸில், பெர்மிட் வைத்திருந்த ஃபிலாண்டோ காஸ்டில் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே அதிகாரியிடம் சொன்னார். அடுத்த சில விநாடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதிகாரியை மறு ஆண்டு ஜூரி விடுவித்தது. அதில் யார் மேல் தப்பு என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு, ஆனால் உங்களுக்கு வேண்டியது வேறு. உள்விளக்கைப் போடுங்கள். கையுறையோடேயே இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வையுங்கள். "பெர்மிட் இருக்கிறது, துப்பாக்கி இடுப்பில் இருக்கிறது, நான் அதைத் தொடப்போவதில்லை, அட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லட்டுமா" என்று கேளுங்கள். அவர் சொல்லாமல் கையுறையைக்கூடக் கழற்ற வேண்டாம். பர்ஸைத் துப்பாக்கி இருக்கும் பக்கம் வைக்காதீர்கள்.

மச்சினன் விஷயம்

இதை நீங்கள் கடைசி வரியில் எழுதினீர்கள். நான் முதல் வரியாகப் படித்தேன்.

மாணவர் விசா, வேலை விசா, சுற்றுலா விசா என்று தற்காலிக விசாவில் வந்திருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை, கையில் எடுத்துக் கட்டுப்பாட்டில் கொள்வதே போதும். லாக்கர் நம்பர் தெரிந்து, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலையும் அதில் அடங்கலாம். 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கு 15 ஆண்டுவரை சிறை. அவனிடம் கொடுத்தவர் என்ற முறையில் உங்கள் மேலும் தனிக் குற்றச்சாட்டு வரலாம். முறையாக வாங்கிய வேட்டை உரிமம் கையில் இருப்பவர்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அவனிடம் அது இருந்ததாக நீங்கள் எழுதவில்லை.

ரேஞ்சில் சுட்டது விளையாட்டுத்தானே என்று தோன்றும். உச்ச நீதிமன்றம்வரை போய் 2019-இல் தீர்ப்பான ரெஹைஃப் வழக்கே அப்படித் தொடங்கியதுதான். மாணவர் விசாவில் வந்த இளைஞர், படிப்பில் தோற்றுப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட பிறகு, ஃபுளோரிடாவில் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். கூட்டாட்சி வழக்காகிவிட்டது. தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது அவருக்குக் கிடைத்த சிறு ஆறுதல். உங்கள் மச்சினனுக்குத் தான் எஃப்-1 என்பது நன்றாகவே தெரியும்.

'சம்பளம் வாங்காமல் உதவுகிறான்' என்பதும் காப்பாற்றாது. சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலையை மாணவர் விசாவில் இருப்பவர் இலவசமாகச் செய்தாலும் அனுமதியில்லாத வேலை என்ற கேள்வி எழும். அதில் விசா நிலையே போகலாம். நல்ல மனதோடு அக்கா வீட்டுக்கு உதவ வந்த பையனைக் கவுண்டருக்குப் பின்னால் நிறுத்தி, பக்கத்தில் துப்பாக்கி இருக்கும் லாக்கரின் நம்பரையும் கொடுத்திருக்கிறீர்கள். அவன் படிக்கட்டும். நடந்துபோனதைப் பற்றி வாட்ஸ்அப்பில் இனி எதுவும் எழுத வேண்டாம், ரேஞ்சில் எடுத்த படங்களை யாருக்கும் அனுப்ப வேண்டாம், இருப்பதை அழிக்கவும் வேண்டாம். அவனுக்கென்று ஒரு குடிவரவு வழக்கறிஞரைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வழக்கறிஞரே அவனுக்கும் என்று வைக்காதீர்கள், இருவர் நலனும் மோதக்கூடிய இடம் இது.

சொந்தக் கடைக்குள் துப்பாக்கி வைத்துக்கொள்ள உங்களுக்குப் பெர்மிட்கூடத் தேவையில்லை. ஆனால் அந்த வசதி உங்களுக்கு மட்டும்தான், கடைக்கு அல்ல. நீங்கள் இல்லாத நாளில் அது உங்களோடு வீட்டுப் பெட்டகத்துக்கு வர வேண்டும்.

மனைவியிடம் கயிறு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அது எப்படி நடந்துகொள்கிறது என்றும் தெரிய வேண்டும். "வேண்டாம், விற்றுவிடுங்கள்" என்று அவர் சொன்னாலும் சொல்வார். அதுவும் ஒரு சட்டபூர்வமான வழிதான். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். வைத்துக்கொள்வதாக முடிவெடுத்தால், பயிற்சியாளர் ஒருவரிடம் இந்தக் குளிரிலேயே, இந்தப் பார்க்காவோடேயே ஒரு நாள் வகுப்பு எடுங்கள். ஆகஸ்டில் கற்றது ஆகஸ்டுக்கு.

இது பொதுவான ஆலோசனை. உங்கள் ஆவணங்களைப் பார்த்து ஒரு வழக்கறிஞர் நேரில் சொல்வதற்கு ஈடாகாது. அதற்கு நேரம் வாங்குவதற்கு முன்னால், இன்று மாலையே கடைக்குப் போனதும் லாக்கர் நம்பரை மாற்றிவிடுங்கள்.